அன்னைக்கு எழுதிய போர்முனை: கவிஞர் வில்பிரட் ஓவனின் வாழ்க்கை

போர்முனையிலிருந்து வீட்டிற்குக் கடிதம் எழுத அமரும் ஒவ்வொரு படைவீரனும் ஒரு கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். கண்டதைக் கண்டவாறே எழுதுவதா, வீட்டிலிருப்போரின் உறக்கம் கெடாதிருக்க நலமாயிருக்கிறேன் என்று மட்டும் எழுதி முடிப்பதா என்பதே அக்கேள்வி. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் இரண்டாம் வழியைப் பின்பற்றியவர் பலர். அது பொய்யுரைக்கும் எண்ணத்தால் நேர்ந்ததன்று. பெற்றோர்மீதும் மனைவி மக்கள்மீதும் கொண்ட பரிவால் நேர்ந்தது. ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவனும் தம் அன்னையின்மீது அளவிறந்த அன்புடையவர்தாம். ஆயினும் அவர் முதல் வழியையே தேர்ந்தார். அவருடைய கவிதைகளின் வேர் அத்தேர்வில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அவர் வாழ்க்கையை அக்கடிதங்களின் வழியே கண்டால் இது விளங்கும்.

இளமை

வில்பிரட் ஓவன் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், இங்கிலாந்தில் வேல்சு எல்லையை ஒட்டிய ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை டாம் ஓவன் இரயில்வேயில் பணிபுரிந்தவர். தாயார் சூசன் சமயப் பற்று மிக்கவர். மக்கள் நால்வருள் வில்பிரட் மூத்தவர். மேரி, ஹெரால்டு, காலின் என்போர் இளையோர். அவர் பிறந்த பிளாஸ் வில்மட் என்னும் இல்லம் தாய்வழிப் பாட்டனாருக்கு உரியது. 1897இல் பாட்டனார் மறைந்தபின் அவ்வீடு விற்கப்பட்டது. தோட்டமும் வசதியும் உள்ள வீட்டில் வாழ்ந்த குடும்பம் பர்க்கன்ஹெட் என்னும் தொழில் நகரின் வாடகை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. 1907இல் தந்தையின் பணியிட மாற்றத்தால் ஷ்ரூஸ்பரி நகருக்குச் சென்று, அங்கேயே நிலைபெற்றது.

வீட்டின் வளம் குன்றியதால் தாயாரின் நம்பிக்கையெல்லாம் மூத்த மகன்மீது திரண்டது. மகன் திருச்சபைப் பணியை மேற்கொள்ள வேண்டுமென்பது அவருடைய விருப்பம். மகனோ சிறு வயதிலேயே கீட்சின் கவிதைகளில் மனத்தைப் பறிகொடுத்தார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, 1911இல் ரெடிங் நகருக்கு அருகிலுள்ள டன்ஸ்டன் என்னும் சிற்றூரில் பங்குக் குருவானவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். தங்க இடமும் உண்ண உணவும் படிக்க நேரமும் கிடைக்கும் என்பது ஏற்பாடு. பங்கு மக்களின் குடிசைகளில் வறுமையையும் நோயையும் நேரில் கண்டார். அவற்றைக் கண்ட மனத்திற்குப் பிரசங்க மேடையின் சொற்கள் போதுமானவையாகத் தோன்றவில்லை. நம்பிக்கையில் விரிசல் விழுந்தது, உடல்நலமும் குலைந்தது. 1913 பிப்ரவரியில் அப்பணியை விட்டு வீடு திரும்பினார்.

அதே ஆண்டில் பிரான்சு நாட்டின் போர்தோ நகருக்குச் சென்று பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர்ச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாசிரியரானார். பிரெஞ்சுக் கவிஞர் லோரான் தையாத் என்பவரின் நட்பு 1914இல் கிட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் போர் மூண்டபோது ஓவன் பிரான்சில்தான் இருந்தார். உடனே படையில் சேரும் துடிப்பு அவருக்கு இல்லை. போர்தோ மருத்துவமனை ஒன்றில் காயமுற்ற வீரர்களைக் கண்டு, அக்காயங்களைப் படம் வரைந்து விளக்கித் தம்பி ஹெரால்டுக்குக் கடிதம் எழுதினார். கண்டதை மறைக்காமல் வீட்டிற்கு எழுதும் பழக்கத்தின் தொடக்கத்தை இங்கே காணலாம். ஆயினும் அக்கடிதம் தம்பிக்குச் சென்றது. அன்னைக்கு அத்தகைய கடிதம் செல்லும் காலம் இன்னும் வரவில்லை.

படையில்

1915ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைபிள்ஸ் என்னும் படையில் சேர்ந்தார். எசெக்சு மாவட்டத்துப் பயிற்சி முகாமில் பல மாதங்கள் கழிந்தன. 1916 ஜூனில் மான்செஸ்டர் ரெஜிமென்டில் இரண்டாம் லெப்டினன்டு பதவி பெற்றார். அவ்வாண்டின் இறுதி நாள்களில் கடல் கடந்து பிரான்சை அடைந்தார். 1917 சனவரியின் தொடக்கத்தில் சோம் ஆற்றுப் பகுதியில் நின்ற இரண்டாம் பட்டாலியனோடு இணைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

அக்காலத்துப் படை அஞ்சலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சாதாரண வீரர்களின் கடிதங்களை அவர்களுடைய அதிகாரிகளே படித்துத் தணிக்கை செய்தனர். அதிகாரிகளின் கடிதங்கள் பெரும்பாலும் அவர்களுடைய நாணயத்தின்மேல் நம்பிக்கை வைத்து அனுப்பப்பட்டன. எனினும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை எவரும் எழுதக்கூடாது. இவையன்றி, முன்னரே அச்சிட்ட வாக்கியங்களைக் கொண்ட களத்து அஞ்சலட்டையும் உண்டு. பொருந்தாத வாக்கியங்களை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும்.

இவ்விதிகளுக்கு உட்பட்டே தாயும் மகனும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அஞ்சலட்டையில் குறிப்பிட்ட வாக்கியம் ஒன்று ஒரு கோட்டிற்குப் பதிலாக இரு கோடுகளால் அடிக்கப்பட்டிருந்தால், மகன் முன்னணிக் களத்தில் இருக்கிறார் என்று அன்னை அறிந்துகொள்ள வேண்டும். கடிதத்தில் தாவரம் ஒன்றின் பெயர் வந்தால், அடுத்து வரும் எழுத்துகளைக் கூட்டி இடத்தின் பெயரைப் படித்துக்கொள்ள வேண்டும். அடித்த கோடுகளை எண்ணிப் பார்த்து மகனின் நிலையை உணர்ந்த அந்தத் தாயை நாம் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். மகன் தீங்கின்றி இருக்கிறான் என்ற பொய்யான ஆறுதலை அவர் வேண்டவில்லை. உண்மையை அறியும் வழியையே வேண்டினார். மகன் எழுதிய உண்மைக்குத் தாயின் இத்துணிவும் ஒரு காரணம்.

சனவரி 1917

களத்திற்குச் சென்ற முதல் நாள்களின் கடிதங்களில் உற்சாகம் தென்படுகிறது. சனவரி நடுவில் அந்த உற்சாகம் ஒரேயடியாக நின்றுபோகிறது. இரு படைகளுக்கும் இடைப்பட்ட, எவருக்கும் உரிமையற்ற நிலத்தில் இருந்த பதுங்குகுழி ஒன்றைக் காக்குமாறு ஓவனுக்குக் கட்டளை வந்தது. அவருடன் சென்றவர் இருபத்தைந்து பேர். குழியின் தரையில் நீர் தேங்கி நின்றது. பீரங்கிக் குண்டுகள் இடைவிடாது மேலே விழுந்தன. ஐம்பது மணி நேரம் அவர்கள் அந்தக் குழிக்குள் அடைபட்டுக் கிடந்தனர். வாயிலில் நிறுத்திய காவலாள் ஒருவன் குண்டுவெடிப்பில் படிகளில் தூக்கியெறியப்பட்டுக் கண்பார்வை இழந்தான்.

சனவரி 16ஆம் நாள் அன்னைக்கு எழுதிய கடிதத்தில் ஓவன் இவற்றையெல்லாம் எழுதினார். கடந்த நான்கு நாள்களைப் பற்றி அன்னையை ஏமாற்றுவதற்குத் தக்க காரணம் எதுவும் தமக்குத் தென்படவில்லை என்ற பொருள்படத் தொடங்கும் அக்கடிதமே அவர் வாழ்வின் திருப்புமுனை எனலாம். அதுவரை கீட்சைப் போற்றி, அழகிய சொற்களைக் கோத்துக்கொண்டிருந்த இளைஞர், அழகுபடுத்தும் எண்ணமின்றி உரைநடை எழுதக் கற்றுக்கொண்டது அன்றுதான். கண்பார்வை இழந்த காவலாளே பின்னாளில் 'காவலன்' என்னும் கவிதைக்குப் பொருளானான். கடிதத்திற்கும் கவிதையின் முடிவான வடிவத்திற்கும் இடையே ஒன்றரை ஆண்டிற்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு.

அடுத்த சில வாரங்களில் கடுங்குளிர் வந்தது. மறைவிடமே இல்லாத வெண்பனி வெளியில் படைப்பிரிவு படுத்துக்கிடக்க நேர்ந்தது. தம் ஆட்களுள் ஒருவன் குளிரில் விறைத்து இறந்ததைப் பிப்ரவரித் தொடக்கத்துக் கடிதம் கூறுகிறது. புதைக்கப்படாமல் கிடந்த பிணங்களையும், நிலத்தின் அருவருப்பான தோற்றத்தையும், அவற்றைப் பகலும் இரவும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதையும் அவர் எழுதினார். பகைவரைவிடக் குளிரே கொடியதாக வரும் 'எக்ஸ்போஷர்' என்னும் கவிதை இந்த நாள்களிலிருந்து பிறந்ததாகும்.

மார்ச்சில் இருளில் நடந்து செல்லும்போது நிலவறை ஒன்றினுள் விழுந்து தலையில் அடிபட்டார். சில வாரச் சிகிச்சைக்குப்பின் ஏப்ரலில் மீண்டும் களம் சென்றார். செயின்ட் குவென்டின் நகருக்கு அருகே நடந்த தாக்குதலில் அவருடைய பட்டாலியன் ஈடுபட்டது. பன்னிரண்டு நாள் காலணியைக் கழற்றவும் முகம் கழுவவும் வாய்ப்பின்றிக் கழிந்தன. ஒரு குண்டு வெடித்து அவரைத் தூக்கியெறிந்தது. பின்னர் இரயில் பாதையோரப் பள்ளத்தில், தகரத்தால் மூடிய குழியில் அவர் பல நாள் கிடந்தார். அருகே வேறொரு குழியில் சக அதிகாரி ஒருவரின் சிதைந்த உடல் கிடந்தது. இதையும் அவர் குடும்பத்தாரிடம் மறைக்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் அவர் உடல் நடுங்குவதையும் நினைவு தடுமாறுவதையும் கண்ட மேலதிகாரிகள் அவரை மருத்துவ நிலையத்திற்கு அனுப்பினர். குண்டதிர்ச்சி என்று அக்காலத்தில் வழங்கிய மனநோய் அவரைப் பற்றியிருந்தது.

மருத்துவ நிலையத்தில் படுத்திருந்த நாள்களில் அன்னைக்கு எழுதிய கடிதம் ஒன்று வேறொரு வகையில் துணிவானது. கிறிஸ்துவின் போதனைகளுள் தலையாயது, இழிவையும் அவமானத்தையும் ஏற்றாலும் ஏற்கலாமேயன்றி எவரையும் கொல்லலாகாது என்பதே என்று தாம் உணர்ந்ததாகவும், தேசப்பற்றைப் போதிக்கும் திருச்சபைகள் அதைப் பேசுவதில்லை என்றும், அத்தகைய மனச்சான்றை வைத்துக்கொண்டே தாம் படையில் பணியாற்றுவதாகவும் அதில் எழுதினார். திருச்சபைப் பணிக்கு மகனை நேர்ந்துவிட்ட தாயாரிடம் இதைக் கூறுவது, பிணங்களைப் பற்றிக் கூறுவதைவிட அவருக்குக் கடினமாக இருந்திருக்கக்கூடும்.

கிரெயிக்லாக்கார்ட்

1917 ஜூன் இறுதியில் ஓவன் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள கிரெயிக்லாக்கார்ட் போர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மருத்துவர் ஆர்தர் பிராக், நோயாளிகள் தம்மைச் சுற்றியுள்ள உலகோடு மீண்டும் உறவு கொள்ளப் பணிகளைத் தேடித்தருவதையே சிகிச்சையாகக் கொண்டவர். அவருடைய தூண்டுதலால் ஓவன் 'ஹைட்ரா' என்னும் மருத்துவமனை இதழின் ஆசிரியரானார்.

ஜூலையில் அதே மருத்துவமனைக்குக் கவிஞர் சீக்பிரிட் சசூன் வந்து சேர்ந்தார். போரைத் தொடர்வதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டமைக்காக, தண்டிக்கப்படுவதற்குப் பதில் நோயாளி என்று அறிவிக்கப்பட்டு அங்கு அனுப்பப்பட்டவர் அவர். ஓவன் அவருடைய கவிதை நூலின் படிகள் சிலவற்றை எடுத்துச்சென்று, கையொப்பம் பெறும் சாக்கில் அறிமுகம் செய்துகொண்டார். கூச்சத்தோடு தொடங்கிய அந்த நட்பு ஓவனுக்கு ஒரு தெளிவைத் தந்தது. அன்னைக்கு எழுதிய கடிதங்களில் உள்ள உண்மையும் பேச்சுநடையும் கவிதையிலும் வரலாம் என்பதைச் சசூனின் கவிதைகள் அவருக்குக் காட்டின. 'அழிவுக்குரிய இளைஞர்க்கு ஒரு கீதம்' என்ற பொருளுடைய புகழ்பெற்ற கவிதையின் கைப்படியில் சசூனின் திருத்தங்களை இன்றும் காணலாம். தலைப்பில் உள்ள 'கீதம்' என்னும் சொல்லும் அவர் கூறியதே.

அவ்வாண்டு அக்டோபரில் நச்சுப்புகைத் தாக்குதலைப் பற்றிய கவிதை ஒன்றை எழுதி, அதன் படியை அன்னைக்கு அனுப்பினார். அதுவே 'டல்சே எட் டெகோரம் எஸ்ட்'. தாய்நாட்டிற்காக உயிர்விடுதலைப் புகழும் உரோமானியக் கவிஞர் ஹோரசின் இலத்தீன் அடியிலிருந்து அத்தலைப்பு எடுக்கப்பட்டது. முகமூடி அணிவதற்குள் புகையில் சிக்கிய ஒருவன் மூச்சுத்திணறி இறப்பதைக் காட்டி, அந்தப் பழம்புகழ்ச்சியைப் பொய்யென்று அக்கவிதை மறுக்கிறது. மகனைக் களத்திற்கு அனுப்பிப் பெருமிதம் கொள்ளும் மறக்குடித் தாயரைப் புறப்பாடல்களில் கண்டு பழகிய நமக்கு இக்கவிதை ஓர் அதிர்ச்சியைத் தரும். கொல்லப்படுவதை வீட்டாரின் பார்வையில் அலங்கரிக்கும் சொல் எம்மொழியில் இருந்தாலும் ஓவன் அதை ஏற்கமாட்டார். அத்தகைய கவிதையை ஒரு மகன் முதலில் தன் தாய்க்கு அனுப்பினான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவருடைய யாப்பு முறையைப் பற்றியும் இங்குச் சொல்லவேண்டும். அடியிறுதிச் சொற்களில் மெய்யொலிகள் ஒத்து நிற்க, உயிரொலி மட்டும் மாறும் ஒருவகை இயைபை ஓவன் விரும்பிக் கையாண்டார். ஒரே மெய்யின் வருக்கத்து எழுத்துகள் ஒன்றிவரும் நம் வருக்க எதுகையை அறிந்தவர்க்கு இது புரியும். ஆயின் நம் யாப்பில் அது செவிக்கு இனிமை. முழு இயைபை எதிர்பார்த்துப் பழகிய ஆங்கிலச் செவிக்கோ ஒரு குறை. சேரவேண்டியது சேராமல் நழுவும் உணர்வை அது தரும். தான் கொன்ற பகைவனைப் பாதாள வழியில் சந்திக்கும் வீரனைப் பற்றிய 'விசித்திரச் சந்திப்பு' கவிதையில் இந்தக் குறையே துயரத்தின் ஓசையாகிவிட்டது.

படைவீரன் ஒருவன் மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே குண்டடிபடுவதாக அமைந்த கவிதை ஒன்றும் ஓவனுக்கு உண்டு. வீட்டிற்கு இதமான பொய்களை எழுதியபடியே அருகிலிருப்போரிடம் முணுமுணுக்கும் அவன் பேச்சு, கொச்சை மொழியில் அப்படியே வருகிறது. தம் ஆட்களின் கடிதங்களைத் தணிக்கைக்காகப் படித்த அதிகாரி ஓவன். அவர்கள் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் அவர் நன்கு அறிந்திருந்தார்.

மீண்டும் களம்

1917 இறுதியில் மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஸ்கார்பரோவிலும் பின்னர் ரிப்பனிலும் உள்நாட்டுப் பணியில் இருந்தார். 1918 சனவரியில் ஒரு நிலக்கரிச் சுரங்க விபத்தில் பலர் மாண்ட செய்தி கேட்டு எழுதிய 'சுரங்கத் தொழிலாளர்' என்னும் கவிதை 'நேஷன்' இதழில் வெளிவந்தது. அவர் வாழ்நாளில் அச்சேறிய கவிதைகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. ரிப்பனில் வாடகைக்கு எடுத்த சிறு அறையில் அமர்ந்து, வெளியிட எண்ணிய நூலுக்கான கவிதைகளைத் திருத்தினார். முன்னுரை ஒன்றின் கரட்டு வடிவையும் எழுதினார். போரின் இரங்கத்தக்க நிலையே தம் பொருள் என்பதும், வருங்காலத்தை எச்சரிப்பதையே கவிஞனின் கடமையாகக் கருதினார் என்பதும் அதிலிருந்து விளங்கும்.

மீண்டும் களத்திற்குச் செல்வதைத் தவிர்க்க நண்பர்கள் சிலர் அவருக்கு உள்நாட்டுப் பணி தேடினர். அவர் மனம் வேறு திசையில் சென்றது. 1917இன் கடைசி இரவில் அன்னைக்கு எழுதிய கடிதத்தில், பிரான்சின் கடற்கரையோரப் பெருமுகாமில் தாம் கண்ட வீரர்களின் முகங்களை நினைவுகூர்கிறார். அம்முகங்களில் இருந்தது அச்சமும் அன்று, விரக்தியும் அன்று; கண்ணைக் கட்டிவிட்டாற்போன்ற, உயிரற்ற ஒரு பார்வை. எந்த ஓவியனாலும் அதை வரைய இயலாதென்றும், அதைச் சொல்லத் தாம் மீண்டும் அவர்களோடு போய் இருக்கவேண்டும் என்றும் எழுதினார். 1918 ஜூலையில் சசூன் தலையில் குண்டுக் காயமுற்றுத் தாயகம் திரும்பியதும், சாட்சி சொல்லும் பொறுப்பு தம்மேல் விழுந்ததாக ஓவன் உணர்ந்தார். ஆகஸ்டு இறுதியில் பிரான்சுக்குக் கப்பலேறினார்.

அக்டோபர்த் தொடக்கத்தில் ஜான்கூர் என்னும் ஊருக்கு அருகே பகைவரின் அரண்வரிசையைத் தாக்கும் போரில், தலைவர் வீழ்ந்தபின் ஓவன் தம் கம்பெனியின் பொறுப்பை ஏற்றுக் காத்தார். அதற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. போர் முடிந்து அன்னைக்கு எழுதிய கடிதத்தில், தம் பணியாளனாக இருந்த இளைஞன் தலையில் குண்டடிபட்டுத் தம் தோள்மீது சாய்ந்து கிடந்ததையும், அவன் குருதி தம் உடையை நனைத்ததையும் எழுதினார். இந்தப் பையன்களுக்கு உதவவே வந்ததாகவும், அதிகாரியாக நின்று வழிநடத்துவது ஓர் உதவி என்றும், அவர்கள் துயரைக் கண்டு வழக்குரைப்பவர்போல உலகிற்கு எடுத்துரைப்பது மற்றோர் உதவி என்றும், முதலாவதைச் செய்துவிட்டதாகவும் அவர் கருதினார். இரண்டாவதற்குக் காலம் அவருக்கு அதிகம் மிஞ்சவில்லை.

கடைசிக் கடிதம் அக்டோபர் 31ஆம் நாளுக்குரியது. ஓர்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே, காட்டு அலுவலர் ஒருவரின் வீட்டு நிலவறையில் இருந்து அதை எழுதினார். அடுப்புப் புகை கண்ணை மறைத்தது. சுற்றிலும் வீரர்கள் நெருக்கியடித்துப் படுத்தும் சமைத்தும் பேசிச் சிரித்தும் இருந்தனர். அந்தத் தோழமையின் வெம்மையைக் கடிதம் முழுதும் உணரலாம். தமக்கு ஆபத்து எதுவும் இல்லை என்றும், இருந்தாலும் அன்னை படிக்கும் முன்பே அது கடந்துபோயிருக்கும் என்றும் அதில் ஆறுதல் சொன்னார். இரண்டாண்டுகளாக உண்மையை எழுதி வந்தவர், தம்மை அறியாமலே கூறிய தவறான செய்தி இது ஒன்றுதான் போலும்.

நவம்பர் 4ஆம் நாள் விடியற்காலையில், ஓர்ஸ் அருகே சாம்பர்-ஒய்ஸ் கால்வாயைக் கடக்கும் முயற்சி நடந்தது. எதிர்க்கரையில் இயந்திரத் துப்பாக்கிகள் முழங்க, பொறியாளர்களும் வீரர்களும் மிதவைப் பாலம் அமைக்க முயன்றனர். தம் ஆட்களுக்கு ஊக்கமளித்துக்கொண்டு நீரோரத்தில் நின்ற ஓவன் சுடப்பட்டு இறந்தார். வயது இருபத்தைந்து. ஏழு நாள் கழித்து, நவம்பர் 11ஆம் நாள் போர் நின்றது. வெற்றியறிவிப்பின் மணியோசை ஷ்ரூஸ்பரி நகரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில் மகனின் மரணத் தந்தி பெற்றோர் வீட்டை அடைந்தது.

வீடு காத்ததும் வீடு மறைத்ததும்

மகன் எழுதிய கடிதங்களைச் சூசன் ஓவன் ஒன்றுவிடாமல் போற்றி வைத்திருந்தார். 1967இல் வெளிவந்த கடிதத் தொகுப்பில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் உள்ளன. அவற்றுள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை அன்னைக்கு எழுதியவை. கவிதைகளின் கைப்படிகளையும் அவரே காத்தார். 1919இல் ஈடித் சிட்வெல் தம் 'வீல்ஸ்' தொகுப்பில் ஏழு கவிதைகளை வெளியிட்டார். 1920இல் சசூனின் முன்னுரையோடு 23 கவிதைகள் கொண்ட முதல் நூல் வந்தது. 1931இல் எட்மண்ட் பிளண்டனின் விரிவான பதிப்பும், 1963இல் டே லூயிசின் பதிப்பும் தொடர்ந்தன. 1962இல் கவென்ட்ரி பேராலயத்தில் அரங்கேறிய பெஞ்சமின் பிரிட்டனின் 'போர் இரங்கற்பா' இசைப்படைப்பு, வழிபாட்டின் இலத்தீன் சொற்களோடு ஓவனின் ஒன்பது கவிதைகளையும் இணைத்தது. டபிள்யூ. பி. ஏட்சு 1936இல் தொகுத்த ஆக்ஸ்போர்டு நவீனக் கவிதைத் தொகுதியில் ஓவனுக்கு இடம் தர மறுத்தார் என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

சூசன் ஓவனின் கடிதம் ஒன்று நம் நாட்டோடும் தொடர்புடையது. 1920இல் அவர் இரவீந்திரநாத் தாகூருக்கு எழுதினார். கடைசியாகக் களத்திற்குப் புறப்பட்ட நாளில், பிரான்சை நோக்கிக் கடலைப் பார்த்தவாறு தாயும் மகனும் நின்றபோது, மகன் தாகூரின் கவிதை வரிகளைக் கூறி விடைபெற்றாராம். மகனின் சட்டைப்பைக் குறிப்பேடு திரும்பி வந்தபோது, அவர் கையெழுத்தில் அவ்வரிகளும் கீழே தாகூரின் பெயரும் இருக்கக் கண்டாராம். அக்கவிதை எந்நூலில் உள்ளது எனக் கேட்டே அத்தாய் எழுதினார். அது 'கீதாஞ்சலி'யில் உள்ள விடைபெறும் பாடல்களுள் ஒன்று.

காத்தவர்களே சிலவற்றை மறைக்கவும் செய்தனர். தாம் இறந்தால் எரித்துவிடுமாறு மகன் சொல்லி வைத்திருந்த ஒரு சாக்குத் தாள்களைத் தாயார் அவ்வாறே எரித்தார். தம்பி ஹெரால்டு கடிதங்களை அச்சுக்குத் தரும் முன்பு சில பகுதிகளைக் கறுப்பு மையால் அழித்தார், சிலவற்றை வெட்டினார். மிலிட்டரி கிராஸ் பதக்கத்திற்கான பாராட்டுரையிலும் ஒரு வேறுபாடு உண்டு. கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கியைத் தாமே இயக்கிப் பகைவருக்குப் பேரிழப்பு விளைவித்தார் என்பது அரசிதழின் செய்தி. கடிதத் தொகுப்பில் அச்சான வாசகத்தில் அவர் துப்பாக்கியைக் கைப்பற்றிச் சிலரைச் சிறைப்பிடித்தார் என்று மட்டுமே உள்ளது. கொல்லலாகாது என்று எழுதிய கவிஞரின் கையில் கொலை இருந்ததென்பதை ஏற்க அன்புடையோர்க்கு மனம் வரவில்லை போலும். ஆயினும் அந்த முரணை உட்கொண்டே ஓவன் எழுதினார். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் சந்திக்கும் கவிதையை எழுதியவர் அதை மறைக்க வேண்டியிருந்திருக்காது.

இறுதியாகக் கல்லறை. ஓர்ஸ் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அதே நாளில் அதே கால்வாயில் வீழ்ந்த தோழர்களுக்கு நடுவே ஓவன் துயில்கிறார். கல்லில் பொறிக்கத் தாயார் தேர்ந்தது மகனின் கவிதை ஒன்றிலிருந்து இரண்டடி அளவே. மாண்டோரின் உடலுக்கு மீண்டும் உயிர் வருமா, மரணம் உண்மையாகவே நீக்கப்படுமா என்று கவிதையில் மகன் இருமுறை கேட்கிறார். பின்வரும் அடிகளில் மண்ணும் மூப்பும் இல்லையென்றே விடை கூறுகின்றன. கல்லிலோ இரண்டாம் கேள்வியின் குறி இல்லை, கேள்வி நம்பிக்கையாகிவிட்டது. மகனின் ஐயத்தைத் தாயின் விசுவாசம் மூடிவிட்டதென்று இதைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு கூற மனமில்லை. இரட்டைக் கோடுகளை எண்ணி இரண்டாண்டு வாழ்ந்து, மகன் எழுதிய கொடுமைகள் அனைத்தையும் படித்து, ஒன்றையும் கிழித்தெறியாமல் உலகிற்குத் தந்த தாய் அவர். தமக்கென்று அவர் எடுத்துக்கொண்டது ஒரு கேள்விக்குறியை மட்டுமே.

பத்தாண்டுகளாகக் கவிதையைப் படித்தும் எழுதியும் வரும் நம் வட்டத்தார்க்கு ஓவனின் வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அவர் முதலில் உலகை நோக்கி எழுதவில்லை. தம்மை மிகவும் நேசித்த ஒருவரை நோக்கி, அவரை ஏமாற்றக்கூடாது என்ற உறுதியோடு எழுதினார். அந்த ஒருவருக்குச் சொல்லத் துணிந்ததையே பின்னர்க் கவிதையாக்கினார். ஓர்ஸ் ஊரில் அவர் கடைசிக் கடிதம் எழுதிய வீட்டை, 2011ஆம் ஆண்டு அவர் நினைவிடமாக வெண்ணிறம் பூசித் திறந்தனர். அவர் குனிந்து அமர்ந்து எழுதிய நிலவறையை மட்டும் பெரிதும் மாற்றாமல், செங்கல் சுவரோடு விட்டுவைத்திருக்கிறார்கள்.